புதிய முகவரி: பரலோகக் குடியிருப்பு

நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் குடும்பம் அரசாங்கத்திலிருந்து விலகியது. கட்சியிலிருந்து விலகுவார்கள், சங்கத்திலிருந்து விலகுவார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் அரசாங்கத்திலிருந்தே விலகினோம். மத்திய அரசு, மாநில அரசு, நகராட்சி, மூன்றிலிருந்தும் ஒரே மூச்சில்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அப்பா அப்போது அரசாங்க ஊழியர். ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருந்த வீடு அரசாங்க குவார்ட்டர்ஸ். தண்ணீர் வந்த குழாய், தெருவில் எரிந்த விளக்கு, வாசலில் நின்ற வேப்பமரம் வரைக்கும் எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு நம்பர் எழுதியிருக்கும். விலகுவதென்றால் எதிலிருந்து தொடங்குவது?

தொடங்கி வைத்தவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். பல வருடங்களுக்கு முன்பே ரயில்வே வேலையை உதறிவிட்டு, நெமிலிச்சேரியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான அறையில் சபை நடத்திக்கொண்டிருந்தார். நாற்பது பேர் வருவார்கள். சுவரில் சிலுவை கிடையாது, மணி கிடையாது, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கிடையாது. அங்கே அதிகம் புழங்கிய சொல் 'உலகம்'. பெரியப்பா அந்தச் சொல்லைச் சொல்லும்போது செருப்பில் எதையோ மிதித்துவிட்டவர் போல முகம் சுளிப்பார். டிவி உலகம். தலையில் வைக்கும் பூ உலகம். காதில் போடும் தோடு உலகம். ஓட்டு உலகத்திலேயே பெரிய உலகம். பள்ளிக்கூடத்தில் மேஜை மேல் இருந்த உலக உருண்டையைத் தொடுவதற்கே நான் பயந்த காலம் அது.

முதலில் டிவி போனது. எதிர் வீட்டு அத்தைக்குத்தான் போனது. ஆகவே நானும் தம்பியும் அவர்கள் வீட்டு ஜன்னல் வழியாக உலகத்தை விடாமல் பார்த்துவந்தோம். அடுத்து அம்மாவின் தோடு. பிறகு தேர்தல் வந்தது. அன்று அப்பா கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்தார். மறுநாள் எதிர் வீட்டு அத்தை அவர் விரலைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணே, மையக் காணோம்? கள்ள ஓட்டு போடறதுக்காக அழிச்சிட்டியா?"

அப்பா சிரிக்கவில்லை. அவர் ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிடுவதற்காக ஒருநாள் லீவு போட்டுவிட்டு ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தவர் அட்டைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்கறதுக்குத்தான் சார் இங்க கவுண்டரு. திருப்பிக் குடுக்கறதுக்கு இல்ல. வேணும்னா மனு எழுதிக் குடுங்க" என்றாராம். அரசாங்கத்தை விட்டுப் போவதற்கும் அரசாங்கத்திடம்தான் மனு கொடுக்க வேண்டும் என்பதை அப்பாவால் தாங்க முடியவில்லை. அட்டைகளோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து கோபுர முத்திரையோ சிங்க முத்திரையோ இருக்கும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவெடுத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் காகிதங்களிலெல்லாம் அம்மாதான் கையெழுத்துப் போடுவாள்.

இவ்வளவு விலகியும் பெரியதொன்று விலகாமலே இருந்தது. வேலை.

சபையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், இயேசுவின் நினைவாக ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளும் அப்பத்தட்டு ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வரும். ஒரு ஞாயிறு அது அப்பாவிடம் வந்தபோது பெரியப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்: "தம்பி, நீ எடுக்காதே. மனுஷனைக் கொல்ற பீரங்கிக்கு மரை போடற கை அது." அப்பா தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் காது மடல்கள் சிவந்துபோனதை நான் பார்த்தேன். அடுத்தடுத்த வாரங்களிலும் தட்டு அப்படியே அவரைத் தாண்டிப் போனது. வீட்டில் அவர் பேச்சுக் குறைந்தது. லேத்தில் வேலை செய்து செய்து எண்ணெய்க் கறை ஏறிய விரல்களைக் கிணற்றடிக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

ஆறேழு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, ஷிப்ட் முடிந்து வந்தவர் சைக்கிளை நிறுத்தும்போதே சொன்னார்: "எழுதிக் குடுத்துட்டேன்."

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எப்போ?"

"இன்னிக்குத்தான். மேல போய் ஆர்டர் வர ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் நாம இங்க காத்துக்கிட்டு இருக்க வேணாம்."

"பசங்க?"

"கர்த்தர் பாத்துக்குவார்."

திட்டம் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். வருகிற ஞாயிறு வீட்டைப் பூட்டிவிட்டு, சபைக்குப் பின்னால் இருக்கும் ஓர் ஒற்றை அறைக்குக் குடும்பத்தோடு போய்விடுவது. கட்டில் பீரோவெல்லாம் வேண்டாம், எதையும் எடுத்துவரக் கூடாது என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அன்று எங்களைச் சபையில் சேர்த்துக்கொள்ளும் ஆராதனை. நான்கு பேரும் வெள்ளை உடுத்த வேண்டும். இதில் எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணிடம் யார் சொல்வார்கள்?

ஆனால் அன்றிரவு ஜெபத்தில் அப்பா வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். "நம்ம குடியிருப்பு இது இல்ல பிள்ளைங்களா. நம்ம குடியிருப்பு பரலோகத்துல இருக்கு."

குடியிருப்பு! எனக்கு அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். எங்கள் தெருமுனை வளைவில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் அதுதான் எழுதியிருந்தது: ஊழியர் குடியிருப்பு. எங்கள் ஊரில் குழந்தைகள் அ, ஆ படிப்பதற்கு முன்னால் அலாட்மென்ட், சீனியாரிட்டி படித்துவிடும். டைப் டூ வீட்டில் இருப்பவர்கள் அதைவிடப் பெரிய டைப் த்ரீ வீட்டுக்கு ஏங்குவார்கள். யாருக்காவது வீடு கிடைத்தால் தெருவே கேசரி சாப்பிடும். ஆக, பெரியப்பா எங்கேயோ சொல்லி எங்களுக்கு அலாட்மென்ட் வாங்கிக் கொடுத்துவிட்டார், அதனால்தான் அப்பா எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. தம்பி, அங்கே ஊஞ்சல் இருக்குமா என்றான். டைப் த்ரீ என்றால் இருக்கும் என்றேன்.

சந்தேகத்துக்கு அம்மாவிடமும் கேட்டேன். "நாம எங்கம்மா போறோம்?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கேயா? பரலோகத்துக்கு. உங்கப்பாவக் கேளு."

இதற்கு மேல் யாரிடம் கேட்பது?

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். மேலே கோபுர முத்திரை. வீட்டில் நிரப்பி, பெற்றோர் கையெழுத்தோடு கொண்டுவர வேண்டும். எனக்குப் படிவம் நிரப்புவது கொள்ளை ஆசை, இன்றைக்கும். மாலையில் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'எழுதிக் கொடுத்துவிட்டார்' என்று எழுதினேன். முகவரி மாறுவதாக இருந்தால் புதிய முகவரி என்ற இடத்தில் என்னால் முடிந்த அழகான எழுத்தில்: 'பரலோகக் குடியிருப்பு'. மாறும் நாள்: 'வரும் ஞாயிறு, குடும்பத்துடன்'. அம்மா அதை வாங்கினாள், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நான் பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மிஸ் படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னுடையதில் நின்றுவிட்டார். என்னை மேஜைப் பக்கம் கூப்பிட்டார்.

"என்னம்மா இது?"

"புது அட்ரஸ் மிஸ்."

"யார் சொல்லி எழுதினே?"

"நானாத்தான் மிஸ். அப்பாதான் சொன்னாரு, நம்ம குடியிருப்பு அங்கதான்னு."

"யார் யார் போறீங்க?"

"எல்லாரும். அப்பா, அம்மா, நான், தம்பி. ஒயிட் டிரெஸ் எடுத்திருக்காங்க மிஸ். சாமான் எதுவும் எடுத்துட்டு வரக் கூடாதாம்."

"எப்போம்மா திரும்பி வருவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மிஸ் குவார்ட்டர்ஸ்காரர் இல்லை, பாவம், அவருக்கு எப்படித் தெரியும்! "அலாட் ஆயிடுச்சுன்னா யாரும் திரும்பி வர மாட்டாங்க மிஸ்" என்று விளக்கினேன்.

மிஸ் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். என்னைப் பிரிவதில் அவருக்கு இவ்வளவு வருத்தமா என்று பெருமையாக இருந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் நான் தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்து கிரீம் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "தினம் பேப்பர்ல வருதே, கடவுளே" என்று தலைமையாசிரியை முணுமுணுத்தார். வீட்டில் போன் கிடையாது, அதுவும் உலகம். அவசரத்துக்கென்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்திருந்தது எதிர் வீட்டு அத்தையின் நம்பர். மிஸ் அந்த நம்பருக்குப் பேசினார். பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே புறப்பட்டார்.

எங்கள் தெருவில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் எங்கள் வீட்டு வாசலில். கதவு உள்ளே தாழ். எதிர் வீட்டு அத்தை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள்: "யக்கா! யக்கா! தொறக்கா!" பதில் இல்லை. எதிர் வீட்டு மாமாவும் இன்னும் இரண்டு பேரும் தோளால் இடித்தார்கள். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதவு அப்படி உடையும் என்று எனக்குத் தெரியாது. கதவென்றால் திறக்கும், மூடும், அவ்வளவுதான் தெரியும்.

கூடத்தில் பாயில் தம்பி கிடந்தான். நான்கு வயது. மதியம் தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். அத்தை அவனை வாரித் தூக்கி உலுக்கினாள். அவன் தலை அவள் தோளில் துவண்டு விழுந்தது.

"ஐயோ, புள்ள அசையலயே! தங்கம், கண்ணத் தொறடா! நைனா, கண்ணத் தொறடா!"

அவள் போட்ட அலறலில் நான் மிஸ்ஸின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். தம்பிக்கு என்ன? சமையலறையிலிருந்து மாமா கத்தினார்: "அடுப்பு மேல குண்டான்ல இன்னாவோ கீது! நீலமா கீதுடி! யாரும் தொடாத!" அவர் துண்டைச் சுற்றிப் பிடித்து அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து சாக்கடையில் கவிழ்த்தார். அப்போதுதான், தலைமையாசிரியை போன் செய்து சொன்னதால், ஒரு காவலரோடு ஜீப்பில் வந்து இறங்கிய பெண் சப்-இன்ஸ்பெக்டர், "கொட்டாதீங்க! சாம்பிள் வேணும்!" என்று கத்தினார். அதற்குள் முக்கால் பாகம் போயிருந்தது. யாரோ தம்பியின் முகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை அடித்தார்கள். அவன் கண்ணைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்து, வீறிட்டான். நானும் வீறிட்டேன். எதற்கென்று தெரியாமலே.

பின்கட்டிலிருந்து அம்மா வந்தாள். இடுப்பில் வாளி, அதில் பிழிந்த வெள்ளைத் துணிகள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

அத்தை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே ஓடி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எதுத்த ஊட்லதான கீறேன்! நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அம்மா உடைந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள். காலிக் குண்டானைப் பார்த்தாள். பிறகு என்னை. பிறகு மிஸ் கையில் இருந்த படிவத்தை.

"அது கஞ்சிங்க. துணிக்குப் போடறதுக்கு. நீலம் கலந்து வெச்சேன்" என்றாள்.

"அது இருக்கட்டும்மா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஞாயித்துக்கெழம எங்க போறீங்க?"

அம்மா வாளியை இறக்கி வைத்தாள். "அவர் வரட்டும். அவர்கிட்டயே கேளுங்க."

நாலரைக்குச் சங்கு ஊதியது. அப்பா சைக்கிளில் வந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. நடந்தது தெரியாமல், ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களைப் பார்ப்பது போல எல்லாரையும் பார்த்தார்.

"சார், ஏதோ முடிவு எடுத்திருக்கீங்களாமே?"

"ஆமா மேடம். எடுத்தாச்சு. எழுதியும் குடுத்துட்டேன்."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

"இந்தப் பசங்களையுமா கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

"விட்டுட்டு எப்படி மேடம் போறது? குடும்பமாத்தான் போகணும்."

அவ்வளவுதான். எதிர் வீட்டு அத்தை தம்பியை மிஸ் கையில் திணித்துவிட்டு, நான்கே எட்டில் வந்து, அப்பாவை ஓங்கி அறைந்தாள்.

அப்பாவை யாரும் அறைந்து நான் பார்த்ததில்லை. அவரும் யாரையும் அடித்ததில்லை. அவர் கண்ணாடி சைக்கிள் சக்கரத்தின் அடியில் போய் விழுந்தது.

"பெத்தா உன் சொத்தாய்யா அதுங்க?" அத்தையின் குரல் கிழிந்தது. "நீ போய்ச் சேரு! அதுங்க இன்னா பண்ணுச்சு?"

"எங்க போய்ச் சேர?" அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நெமிலிச்சேரிக்குத்தானேம்மா போறோம். எங்கண்ணன் வீட்டுக்கு."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: "நெமிலிச்சேரியா? அதுக்கு சீசன் டிக்கெட்டே போதுமே!" யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மிஸ்ஸிடமிருந்து படிவத்தை வாங்கி அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அது என்ன, ஏன் என்று அவர் சொன்ன விளக்கமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சப்-இன்ஸ்பெக்டருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"கவர்மென்ட் வேலய எழுதிக் குடுத்துட்டீங்க. இருக்கற வீட்ட விடறீங்க. பொண்ணு இப்படி எழுதிட்டு வந்து நிக்குது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்களத்தான் கேப்பாங்க. எழுதிக் குடுங்க. ஆறு மாசத்துக்கு இதே அட்ரஸ்லதான் குடும்பத்தோட இருப்பேன், ஸ்டேஷனுக்குச் சொல்லாம எங்கயும் போக மாட்டேன்னு."

"நான் கவர்மென்ட் பேப்பர்ல கையெழுத்துப் போடறதில்ல மேடம்."

"போட வேணாம். பசங்க ரெண்டும் இன்னிக்கு எங்கூட வரட்டும். ஹோம்ல இருக்கட்டும். நீங்க யோசிச்சிட்டுச் சொல்லுங்க."

தம்பி மிஸ்ஸின் தோளில் இன்னும் விம்மிக்கொண்டிருந்தான். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாளித் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேத்தில் மயிரிழை பிசகாமல் வேலை செய்யும் அப்பாவின் கை, ஜீப்பின் பானட்டின் மேல் வைத்து அந்த ஒற்றைக் கையெழுத்தைப் போட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது.

கூட்டம் கலைந்தது. மாமா ஸ்க்ரூ டிரைவரோடு வந்து தாழ்ப்பாளை மாட்டிக் கொடுத்தார். அத்தை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பாத்திரம் நிறைய உப்புமா வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அடி நிச்சயம் என்று நான் பீரோவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பா படிவத்தை இன்னும் கையில் வைத்திருந்தார். அதன் அடியில் இருந்த கையெழுத்தில் விரலை வைத்தார்.

"படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டியா?"

அம்மா துணிகளைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் பத்தாவது பாஸ்" என்றாள்.

இந்த நேரத்தில் அம்மா ஏன் தன் படிப்பைப் பற்றிப் பெருமையடிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பா படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போய் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்.

அலாட்மென்ட் கேன்சல் ஆகிவிட்டது என்று தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். அவன் ஊஞ்சலுக்காக ஒரு நாள் அழுதான்.

அதற்கு அடுத்த ஞாயிறும் அப்பா நெமிலிச்சேரிக்குக் கிளம்பினார். அம்மா வரவில்லை, தம்பியையும் அனுப்பவில்லை. நான் மட்டும் ரயில் ஆசையில் ஒட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்தோம். பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டு முடிந்து அப்பத்தட்டு வந்தது. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, வைத்திருக்க வேண்டியதற்கும் கொஞ்சம் அதிகமான நேரம் வைத்திருந்து, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு பல வருடங்கள், ஒரு ஞாயிறு தவறாமல் போய், அதே இடத்தில் உட்கார்ந்து, அப்படியே வாங்கி அப்படியே கொடுத்தார்.

அன்று திரும்பி வரும் ரயிலில் என் பாவாடைப் பையில் இருந்த இரண்டு கடலை மிட்டாயில் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். அப்பா வேண்டாமென்று தலையசைத்தார். அவருக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டையும் நானே தின்றுவிட்டேன்.